எங்கள் மாடி ஹால் வளைந்திருப்பது குறித்துப் பேராசிரியருக்கு

நாமக்கல்

மதிப்பிற்குரிய பேராசிரியர் உபகாரசாமி ஐயா அவர்களுக்கு, தங்களிடம் கட்டட ஆராய்ச்சி செய்யும் இலக்கியாவின் தகப்பன் ராசு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் என் மனைவி கோகிலவாணியும் நலம். வீடு மட்டும் நலமில்லை. தங்கள் நலமும் தங்கள் கல்லூரிக் கட்டடத்தின் நலமும் அறிய ஆவல்.

ஐயா, முப்பது வருடம் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்தியவன் நான். எந்த லாரியில் எவ்வளவு பாரம், எந்த அச்சின் மேல் எவ்வளவு என்று பார்த்தே தலை நரைத்தவன். அதனால் பாரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. போன மாதம் இலக்கியா விடுமுறைக்கு வந்தாள். வந்தவள் எங்கள் மாடி ஹாலை டேப் வைத்து அளந்து கம்ப்யூட்டருக்குள் போட்டுவிட்டாள். என்ன கண்ணு இது என்றேன். "முழு ஊட்டையும் ஒரே மூச்சுல கணக்குப் போட முடியாதுங்கப்பா. சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்ட எப்படி இழுக்குது, தள்ளுதுன்னு பாத்து, அப்பறம் எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்தோணும்" என்றாள். அடுப்படியில் இருந்த கோகிலவாணி, "வெங்காயத்த வெட்டச் சொன்னா மட்டும் வேலை இருக்குதும்பா, ஊட்ட வெட்டறதுக்கு நாலு வருசமா" என்று கேட்டாள். தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், அவள் பேச்சே அப்படித்தான்.

கொஞ்ச நேரத்தில் படம் வந்தது. சுற்றிலும் நீலம், அப்புறம் பச்சை, மஞ்சள், நட்டநடுவில் ரத்தச் சிவப்பு. தளம் பிள்ளைத் தூளி மாதிரி தொங்குகிறது, அதோடு மேலும் கீழும் ஆடவும் ஆடுகிறது. சிவப்பு என்றால் என்ன என்றேன். "அங்கதானுங்கப்பா பாரம் சாஸ்தி தாங்குது" என்றாள். பத்துப் பேர் வந்து உட்கார்ந்தால் என்றேன். கம்ப்யூட்டரிலேயே பத்துப் பேரையும் ஏற்றிக் காட்டினாள். தூளி இன்னும் இறங்கியது. அவள் பாட்டுக்குக் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

பத்துப் பேர் என்று ஏன் கேட்டேன் என்றால், மறுநாள்தான் பரமத்தி வேலூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை சிவபிரகாஷ், கோழித் தீவன ஆலை வைத்திருக்கிறார், தங்கமான பையன். இந்த இடத்துக்காகக் கோகிலவாணி போகாத கோயில் இல்லை. வருகிறவர்களை உட்கார வைக்கத்தான் அந்த மாடி ஹாலையே கட்டினோம். கீழே உட்கார வைக்கலாம் என்றேன். "ஏனுங்க, ஏசி மாட்டுனது மேல, சனத்த உக்கார வைக்கறது கீழயா" என்று கோகிலவாணி ஒரே பிடியாக நின்றுவிட்டாள். வேறு வழியில்லாமல் சோபா, பீரோ எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, சுவரோரமாக மட்டும் நாற்காலி போட்டேன். நடுவில் ஒரு துரும்பு இல்லை. வந்தவர்களை நானே கைகாட்டி உட்கார வைத்தேன். கனத்த ஆளை உத்திரத்துக்கு நேராக, ஒல்லியான ஆளை ஜன்னல் பக்கம், இடதும் வலதும் சரியாக, லோடு ஏற்றுவது போலத்தான் ஐயா செய்தேன். மாப்பிள்ளையின் தாயார் சாரதாமணியம்மாள் நல்ல ஆகிருதி. அவர் பெண்ணைப் பார்க்கிற ஆவலில் நேரே நடுவுக்கு வந்துவிட்டார். "ஏனுங்க, சித்த செவுத்தோரமா வாங்க, அங்கதான் காத்து வரும்" என்றேன். ஏசி ஓடும்போது என்ன காற்று என்று அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தட்டு நீட்டிய கோகிலவாணியையும் நான் சுவரோரமாகவே சுற்றி வரச் சொன்னதில், கேசரி கடைசி ஆளுக்குப் போவதற்குள் ஆறிவிட்டது. இதெல்லாம் போகட்டும், கிளம்பும்போது மாப்பிள்ளையின் மாமா எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுக்கலாம் என்று நடுவில் கூட்டம் சேர்த்துவிட்டார். "ஒரே எடத்துல நிக்காதீங்க, ஆளுக்கொரு மூலையா நில்லுங்க" என்று கத்திவிட்டேன். அந்தப் போட்டோவில் நாலு மூலையிலும் ஆட்கள் இருக்கிறார்கள், நடுவில் வெறும் டைல்ஸ் இருக்கிறது. வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று போனவர்களிடமிருந்து இன்னும் ஒரு தகவலும் இல்லை. கோகிலவாணி என்னோடு பேசுவதில்லை.

ஆகவே ஐயா, தங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். கம்ப்யூட்டரில் கூடுதலாக இரண்டு தூண் நிறுத்தியோ, கம்பி சேர்த்தோ, எப்படியாவது அந்தச் சிவப்பைப் பச்சையாக்கித் தர வேண்டும். அவர்கள் சரியென்று சொல்லிவிட்டால் உறுதி வார்த்தை பேசுவதும் அதே ஹாலில்தான். அப்போது இருபது பேராவது வருவார்கள். இந்த ஒரு கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டால் எனக்கு வேறு கவலையே இல்லை.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும், தங்களிடம் படிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்கள் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கும் எல்லாக் கட்டடங்களுக்கும் நீண்ட ஆயுள் வேண்டி நிற்கும்,
கா. ராசு

பின்குறிப்பு: மேலே கேட்டதைத் தாங்கள் செய்ய வேண்டாம். கடிதத்தை எழுதி முடித்த கையோடு சாரதாமணியம்மாள் போன் செய்தார். "எங்களுக்குப் பரிபூர்ண சம்மதமுங்க. பொண்ணப் பெத்தவரு இத்தன பயந்த சுபாவமா இருக்கறது நல்லதுதானுங்க, நாளைக்கு ஒரு வார்த்த எதுத்துப் பேச மாட்டீங்க" என்றார். ஆவணியிலேயே கல்யாணம் என்கிறார். கோகிலவாணி அப்போதே ஜவுளிக்கடைக்குக் கிளம்பிவிட்டாள். நான் தங்கள் விலாசம் கேட்டு, விடுமுறை முடியாமல் இன்னும் இங்கேயே இருக்கும் இலக்கியாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. "நம்ம ஊடு வளையவே இல்லீங்கப்பா. கண்ணுக்குத் தெரியறதுக்காகப் படத்துல ஆயிரம் மடங்கு பெருசு பண்ணிக் காட்டுவோம். நெசமா எறங்கறது நகத்தோட கனம்கூட இருக்காது. எந்தக் கட்டடத்தப் போட்டாலும் எங்கியாவது ஒரு எடத்துல செவப்பு வருமுங்க" என்றாள். இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்றேன். "நான் பொய் ஒண்ணும் சொல்லலீங்கப்பா. என்னோட ஆராய்ச்சி முடிய இன்னும் ரெண்டு வருசம் ஆகும். அதுவரைக்கும் கல்யாணம் வேண்டாம்னு சொன்னா நீங்க கேட்டிருப்பீங்களா" என்றாள். கேட்டிருக்க மாட்டேன் ஐயா. அதை நினைத்தால் எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது.

அதனால் அந்த ஆடுகிற படத்தை நானே சாரதாமணியம்மாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். இதைச் சரி செய்யத் தெரிந்த ஒரே ஆள் என் மகள்தான், அவள் படித்து முடிக்க இரண்டு வருடமாகும், அதுவரை ஆட்களைக் கூட்டுவது உசிதமில்லை, அதற்கப்புறமும் சம்மதமென்றால் எங்களுக்குச் சந்தோஷம் என்று கூடவே எழுதியிருக்கிறேன். பயந்துபோய் அந்த அம்மாள் தங்களிடம் விசாரிக்கலாம். தாங்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை. நடுவில் சிவப்பாகத்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். கோகிலவாணி கேட்டாலும் அதையே சொல்லிவிடுங்கள்.