லுட்விக் கொண்டைக்குருவியை அழைத்த காதை

வாழ்க லுட்விக்! பனிசூழ் பொட்லாசிய நாட்டுப் பைன்காட்டோரச் சிற்றூரில், கத்தரிக்கோல் ஒன்றையே படைக்கலமாகக் கொண்டு ஓராயிரம் தாடிகளை வேரறுத்த நாவித வேந்தே, ஓய்வுக்காலத்தில் கோலை வைத்துப் பைனாகுலர் ஏந்திய நெடுமீசை அண்ணலே, நின் புகழ் நீடுக!

உறைபனி முற்றிய சனவரிக் காலையொன்றில், அவ்வண்ணலின் ஆப்பிள் மரத்தில், கட்டைவிரலளவே உடம்பும் கருவெள்ளைக் கூர்முடியும் கொண்ட சிறுபுள்ளொன்று இமைப்பொழுது அமர்ந்து மறைந்தது. கண்டான், தெளிந்தான். ஊசியிலைக் காட்டிருளை விட்டு ஊருக்குள் வாராத கொண்டைப் பட்டாணிக்குருவி அது! உவகை பொங்க அவன் வேலியோரம் சென்று முழங்க, அப்பால் நின்றவனோ, எதையும் நம்பாமையே தவமெனக் கொண்ட முன்னாள் தபால்காரன் தெயோஃபில்.

“கொண்டையாவது குடுமியாவது! சாதாப் பட்டாணிக்குருவிதான்யா, தலைய நனைச்சிட்டு வந்திருக்கும். கடைய மூடுனதுலேருந்து உனக்கு எல்லாத் தலையும் சிலுப்பிக்கிட்டே தெரியுது.”

இடிபட்ட மலையெனக் குலுங்கினான் லுட்விக்.

“ஞாயித்துக்கிழமை மத்தியான மணி அடிக்கறதுக்குள்ள அத என் தோட்டத்துல உக்கார வெக்கறேன். இல்லன்னா இந்த மீசைய நானே எடுத்துடறேன்!”

ஊரே அறிந்த மீசை அது. நாற்பதாண்டு மெழுகிட்டு வளர்த்தது. ஆகவே அன்றே அவன் உப்பிடாத பன்றிக்கொழுப்பைக் குருவிக்கு இரையாக நூலில் கோத்துக் கிளையில் தொங்கவிட்டான். உடனே எழுந்தது ஓலம், அடுக்களையிலிருந்து.

“கிழங்கு வறுக்க வெச்சிருந்த கொழுப்பு எங்கங்க?” என்றாள் மனைவி இரெனா.

“போர்க்களத்துக்குப் போச்சு.”

“அப்ப ராத்திரி சாப்பாட்டுக்கும் அங்கயே போங்க.”

முதலில் வந்தது மஞ்சள்மார்புப் பட்டாணிக்குருவிகளின் பெரும்படை. கொண்டையில்லாக் கூட்டம், கொத்தித் தின்று கூத்தாடிற்று. பின்னர் நெடுவால் கருவெள்ளைக் காக்கை, கொள்ளையர் தலைவனென இறங்கிக் கொழுப்பை நூலோடும் முடிச்சோடும் கவர்ந்தேகிற்று. வீரன் கலங்கினானல்லன், இரெனா கடைக்குப் போன வேளை பார்த்து மறுதுண்டம் கட்டினான்.

ஞாயிறும் வந்தது. வேலிக்கு இப்பால் லுட்விக், அப்பால் தெயோஃபில். மூச்சும் உறையும் குளிரில் இருபெரும் தூண்களென நின்றனர்.

அப்போது, “திர்ர்ர்!”

வந்தது! முடிதரித்த மன்னனெனக் கொண்டை நிமிர்த்தி, காட்டுப்பக்கமிருந்து பறந்து வந்தது, கொழுப்பை ஒருகணம் வட்டமிட்டது, அமரவில்லை. வேலியைத் தாண்டி, தெயோஃபில் சோம்பலால் பிடுங்காது விட்ட மக்கிய பைன் அடிமரத்தில் ஒட்டிக்கொண்டு, பட்டையைக் கிளறிப் புழு தேடலாயிற்று. கோயில் மணி முழங்கிற்று.

“ஒத்துக்கறேன்யா,” என்றான் தெயோஃபில் மெல்ல, “கொண்டைதான். என்னா அழகு! ஆனா…”

“சொல்லித் தொலை.”

“தோட்டம் என்னோடது.”

கண்ணால் வென்று வேலியால் தோற்ற அண்ணல், வைத்த கத்தரிக்கோலை மீண்டும் ஏந்தி, விண்ணோர் மலர்மாரி பொழிய மறந்த அந்நண்பகலில், தன் முகத்திலேயே தன் கடைசிப் போரை நடத்தி முடித்தான்.

மறுநாள் மீசையில்லாத அவனுக்குச் சளி பிடித்தது.