ஐம்பதாவது கிலோ

என் உடம்பைப் பற்றி நான் எந்த முடிவு எடுத்தாலும் அடி விழுவது வேறு யாருக்காவதுதான். முதல் அடி நல்லம்பள்ளியில் இருந்த என் அப்பாவின் புளி மண்டிக்கு விழுந்தது.

எண்பதுகளின் நடுவில் எனக்குத் தொப்பூரில் பெண் பார்த்தார்கள். பெயர் சுமதி. அவளுக்கு என்னைப் பிடித்திருந்தது (ஏன் என்று இன்றுவரை விளங்கவில்லை). அவளுடைய மாமா ஒரு கம்பவுண்டர். எங்கள் வீடு பார்க்க வந்த அன்று அவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பையனுக்கு இருமல் கிருமல் இருக்குதுங்களா?" என்று அப்பாவிடம் கேட்டார். சந்தேகம் தீர எங்கள் மண்டித் தராசிலேயே என்னை எடை போட்டார்கள். நாற்பத்தொன்பது கிலோ.

"அம்பதாச்சும் வேணுமுங்க. தை முடியறதுக்குள்ள நானே வந்து மறுக்கா எடை பாக்கறேன். அப்புறம் நாள் குறிக்கலாம்."

எனக்கும் சுமதிக்கும் நடுவில் ஒரே ஒரு கிலோ. கையில் மூன்று மாதம். அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். மாஸ்டர் இருப்பதிலேயே சின்னக் கம்பியைக் கொடுத்துத் தூக்கச் சொன்னார். கம்பி என் பக்கம் வரவில்லை, நான்தான் கம்பியின் பக்கம் போனேன். "நீங்க வூட்டுலயே பண்ணுங்க தம்பி" என்று ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்தார். காலையில் ஊறவைத்த கொண்டைக்கடலை, நான்கு முட்டை. பத்து மணிக்கு வேர்க்கடலை. மத்தியானம் ராகிக் களி. வாரத்தில் நான்கு நாள் எடை தூக்க வேண்டும், மற்ற நாள் ஓய்வு.

எனக்குப் புரியாதது மூச்சு விஷயம்தான். தூக்கும்போது இழுப்பதா, இறக்கும்போது இழுப்பதா? எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டிலும் இழுத்தேன். விடுவது எப்போது என்று அட்டவணையில் இல்லை. ஓய்வு நாளில் முட்டை உண்டா என்பதும் இல்லை. சந்தேகத்தின் பேரில் சாப்பிட்டுவிடுவேன். (வீட்டில் யாரும் என் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டார்கள்.)

தூக்குவதற்கு எடை? புளி வரத்து ஆரம்பிக்கும்வரை மண்டியின் இருபது கிலோ எடைக்கல் இரண்டும் குடோனில் சும்மாதான் கிடந்தன. கைக்கு ஒன்றாகத் தூக்கினேன். (தூக்கினேன் என்பது ஒரு பேச்சுக்கு. முழங்கால்வரை வந்ததும் தொப்பென்று போட்டுவிடுவேன். அந்தச் சத்தத்தைத்தான் உடற்பயிற்சி என்று நினைத்திருந்தேன்.) ஒருநாள் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒரு கட்டி தரையில் கிடந்தது. சில வாரம் கழித்து இன்னொன்று. ஓட்டை உடைசல் என்று காலால் மூலைக்குத் தள்ளினேன். பி.காம். படித்தவன் மண்டி வேலையைத் தெரிந்துகொள்வது கௌரவக் குறைச்சல் என்று நினைத்த காலம்.

ஞாயிறுதோறும் அதே கற்களை வைத்து எடை பார்த்தேன். நாற்பத்தொன்பது, நாற்பத்தொன்பதரை, மார்கழிக் கடைசியில் ஐம்பது! அம்மாவோ, "என்னடா, சட்டை இன்னும் தொளதொளன்னேதான் தொங்குது?" என்றார். தராசு ஒன்று சொல்ல, சட்டை வேறொன்று சொல்லியது. நான் தராசை நம்பினேன்.

தை கடைசியில் மாமா வந்தார். அன்றைக்குத்தான் வத்தல்மலையிலிருந்து முதல் புளி வந்து இறங்கியிருந்தது. மலைக்காரர்கள் நாலைந்து பேர் மூட்டைகளோடு காத்திருந்தார்கள். "மொதல்ல பையன ஏத்துங்க" என்றார் மாமா. ஒரு தட்டில் நான், மறு தட்டில் இருபது, இருபது, பத்து. தட்டுகள் நேராக நின்றன.

"அம்பது! நாள் பாத்துரலாமுங்க!"

மலைக்காரர்கள் கைதட்டினார்கள். அப்பா சிரித்துக்கொண்டே கல்லை எடுத்தார். கை பாதியில் நின்றது. கல்லைத் திருப்பினார். எடை சரியாக இருக்க ஈயம் ஊற்றி, அதன்மேல் முத்திரை குத்தியிருந்த இடத்தில் வெறும் குழி. இன்னொரு இருபதிலும் குழி.

அப்பா என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறக்காவிட்டால் எனக்குக் கல்யாணம். நான் தட்டில் உட்கார்ந்தபடியே கண்ணால் கெஞ்சினேன்.

"இந்தக் கல்லு செல்லாதுங்க" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "ஈயம் போயிருக்குது. இதுல புளியவும் போடக் கூடாது, எம் பையனவும் போடக் கூடாது."

பக்கத்து மண்டியிலிருந்து கல் வந்தது. நாற்பத்தொன்பது. மூன்று மாதம், முன்னூறுக்கும் மேல் முட்டை, ஒரு கிராம்கூட ஏறவில்லை. நான் சம்பாதித்த கிலோ அரை அரையாகக் குடோன் மூலையில் கிடந்தது. வெட்கத்தில் தட்டைவிட்டு எழுந்திருக்கவே தோன்றவில்லை. "எறங்குங்க தம்பி, நாங்க திரும்ப மலையேறணும்" என்று ஒரு மலைக்காரர்தான் கைகொடுத்து இறக்கிவிட்டார்.

மாமா காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறினார். எட்டு நாள் நான் அப்பாவோடு பேசவில்லை. (நியாயமாக அவர்தான் என்னோடு பேசாமல் இருந்திருக்க வேண்டும்.)

ஒன்பதாம் நாள் மாமாவே வெற்றிலை பாக்கோடு வந்து நின்றார். சுமதி ஒரே பிடியாக நின்றாளாம். "சொந்தப் பையன் எடை கொறயுதுன்னு நாலு பேரு முன்னாடி சொன்ன மனுசனோட வூட்டுக்குத்தான் நான் போவேன்" என்றாளாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்திலா, அவமானத்திலா என்று தெரியவில்லை.

இப்போது நான் எண்பத்திரண்டு கிலோ. குறைக்கச் சொல்லி டாக்டர் ஒரு அட்டவணை கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு முறை போகும்போதும் சுமதி எடை மெஷினைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான், "ம், ஏறுங்க" என்பாள். நர்ஸ் திருதிருவென்று விழிப்பார். உடனே என் மகள் கதையை முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவாள். நான் மெஷின்மேல் நின்றபடியே முழுவதையும் கேட்டாக வேண்டும்.