பாயில் படுத்த செல்லோ

இருபத்திரண்டு வயதில், “எனக்குத் தெரியாது” என்று சொல்வதற்குள் எனக்கு உயிரே போய்விடும். செல்லோ என்ற வாத்தியத்தை அதுவரை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அதைத்தான் ஒரு மனிதருக்கு மூன்று மாதம் படிப்பித்தேன். இப்போதாவது ஒப்புக்கொள்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். தண்ணீரூற்று என்ற என் ஊரிலிருந்து சைக்கிளில் வீடு வீடாகப் போய் வயலின் சொல்லிக்கொடுத்து வந்தேன். (எனக்கே அரங்கேற்றம் ஆகவில்லை. ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) ஒருநாள் முள்ளிவாய்க்காலில் கரைவலை வைத்திருந்த சூசையண்ணை கூப்பிட்டனுப்பினார். அவருக்கு ஐம்பது வயது. தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரப் பாதிரிச் சுவாமி ஒருவர் கொடுத்துவிட்டுப் போன செல்லோ, அவர் வீட்டு அலுமாரியோடு சாய்ந்து நின்றது.

“மாஸ்டர், தை மாசம் மகளுக்குக் கலியாணம். அவள் கோயிலுக்குள்ளை நடந்து வரேக்கை, அவளுக்குப் பிடிச்ச மாதா பாட்டை நான் வாசிக்கோணும். கடல் கடலெண்டு திரிஞ்சு பிள்ளையோடை இருக்காமல் விட்டிட்டன். இது உங்களுக்குத் தெரியுமோ?”

“ஏன் தெரியாது? வயலின்தானே அண்ணை, கொஞ்சம் வளந்திட்டுது.”

நாங்கள் வயலினை எப்படி வாசிப்போம்? பாயில் சப்பாணி கட்டி இருந்து, அதன் தலையைப் பாதத்திலும் அடியைத் தோளிலும் கொடுத்து. சூசையண்ணையையும் அப்படியே இருத்தினேன். செல்லோவின் தலை பாதத்துக்கு வந்தது. அடிப்பக்கம் தோளைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது. அதைத் தாங்கிப் பிடிக்க அவர் மனைவி திரேசக்காவைப் பின்னால் நிறுத்தினேன். அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கம்பி தாழ்ந்திறங்கிய கிடுகுக் கூரையைக் குத்தியது.

“இந்தக் கம்பி என்னத்துக்கு மாஸ்டர்?”

“வாசிச்சு முடிஞ்சாப் பிறகு கூரையிலை கொழுவித் தொங்கவிட.”

பாவி மனிதர் நம்பினார். வலை இழுத்துக் காய்த்த விரல்களால் மாலைதோறும் விடாமல் பழகினார். கழுத்து ஒருபக்கம் சரிந்து, கடலுக்கும் அப்படியே போய்வந்தார். “பாட்டு வருதோ இல்லையோ, எனக்குக் கை உளையுது” என்றார் திரேசக்கா.

கலியாண நாள் வந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் பாய் விரித்தோம். வாசலில் மகளைக் கண்டதும் திரேசக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையை எடுத்தார். அவ்வளவுதான், செல்லோ பின்னால் சரிந்து சூசையண்ணையையும் கூட்டிக்கொண்டு பாயில் படுத்தது. கோயிலே சிரித்தது. மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

புதிதாக வந்திருந்த சுவாமி ஓடிவந்தார். “சூசை, உது கதிரையிலை இருந்தெல்லோ வாசிக்கிறது!” கதிரை ஒன்றை இழுத்து அவரை இருத்தி, செல்லோவை முழங்கால்களுக்கிடையில் நிமிர்த்தி, என்னுடைய கொழுவுகம்பியை நிலத்தில் ஊன்றினார். “ஆர் உமக்கு இப்பிடிப் படிப்பிச்சது?”

நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

“மாஸ்டர் சரியாத்தான் சொன்னவர் சுவாமி. நான்தான் கதிரை வேண்டாமெண்டு அடம்பிடிச்சனான்.”

கோயிலுக்குள், சுவாமியிடம், மகளின் கலியாண நாளில், அந்த மனிதர் எனக்காகப் பொய் சொன்னார். வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

செல்லோ நிமிர்ந்ததும் படித்த பாட்டு விரல்களுக்குப் பிடிபடவில்லை. கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு, விரலே வைக்காமல் ஒரு தந்தியை மட்டும் நீளமாக இழுத்தார். அந்தத் தடித்த ஒலி கோயில் முழுதும் நின்றது. மகள் அதையே சுருதியாக எடுத்துக்கொண்டு, மாதா பாட்டைத் தானே பாடியபடி தகப்பனிடம் நடந்து வந்தாள். வந்து அவர் தோளில் கைவைத்தாள். சூசையண்ணை வில்லை நிறுத்தவேயில்லை. சுவாமியும் அவசரப்படுத்தவில்லை.

அடுத்த கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன். விறாந்தையில் இரண்டு கதிரைகள் போட்டிருந்தன.

“இருங்கோ மாஸ்டர். சுவாமிக்குக் கொஞ்சம் வாசிக்கத் தெரியுமாம். அவரிட்டைப் படிச்சுக்கொண்டு வந்து உங்களுக்கும் சொல்லித் தாறன்.”

அப்படித்தான் நான் செல்லோ படித்தேன். இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது “எனக்குத் தெரியும்” என்று தொடங்கினால் போதும், என் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடுவாள்:

“ஓடிவாங்கோ, அப்பாவுக்குத் தெரியுமாம். ஆராவது பின்னாலை நிண்டு பிடியுங்கோ!”