பவுனுவின் வயிற்றைப் பற்றி மச்சானுக்கு

சுங்கை மெராந்தி தோட்டம்,
ரெம்பாவ்.
18.8.1956, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் அர்ச்சுனன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கையின் கணவன் சன்னாசி கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். தங்கள் தங்கை மயிலம்மாளும் நலம் என்றுதான் நினைக்கிறேன், நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. தம்பின் ஊரில் ரயில்வே வீட்டில் தாங்களும் தங்கள் மனைவி பஞ்சாலை அக்காவும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். நலம் விசாரிப்பதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன், மன்னிக்கவும். எழுத வந்த விஷயம் வாந்தியும் வயிற்றுப்போக்கும் சம்பந்தப்பட்டது. அதை மரியாதையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுப் பூனை பவுனு சாகக் கிடக்கிறது மச்சான். சிரிக்காதீர்கள். தாங்கள் சிரிப்பது தம்பினிலிருந்து எனக்குக் கேட்கிறது. பூனைக்கு வயிறு சரியில்லை என்று ஒரு மண்டோர், முப்பது பேரைப் புல்லு வெட்ட மேய்க்கிறவன், முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறானே என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இந்த வீட்டில் அந்தப் பூனை செய்கிற வேலை என்னவென்று தாங்கள் பஞ்சாலை அக்கா மூலம் பாதிதான் கேள்விப்பட்டிருப்பீர்கள். மீதியை நான் சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள் அல்லவா, அப்போது ஆபீசிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. வேலி ஓரத்தில் யார் என்ன பயிர் வைத்திருந்தாலும் வெட்டிச் சாய்க்க வேண்டும், இல்லாவிட்டால் காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகள் வந்து தோண்டித் தின்பார்கள் என்று. வெட்ட வேண்டிய ஆள் யார்? மண்டோர். மண்டோர் யார்? நான்தான், என் தலையெழுத்து. ஊரார் பயிரை வெட்டிவிட்டுத் தன் வீட்டுப் பயிரை விட்டுவிட்டான் என்று ஒருவன் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக்கூடாது என்பதற்காக, முதலில் மயிலு போட்டிருந்த மரவள்ளியையும் வாழையையும் நானே பாராங்குக் கத்தி எடுத்து வெட்டினேன். நியாயமாக நடந்ததற்கு ஒரு பாராட்டாவது கிடைக்கும் என்று நினைத்தேன். தங்கள் தங்கை பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு கடைசி வாழை விழுகிற வரைக்கும் நின்று பார்த்தாள். அன்று சாயந்திரம் நான் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, "பவுனு, வெட்டி முடிச்சவருக்குக் கொழம்பு வேணுமான்னு கேளு" என்றாள். நான் திகைத்துப்போய், "பவுனு, வேணும்னு சொல்லு" என்றேன். அன்று பிடித்தது மச்சான். நான்கு வருடமாக இந்த வீட்டில் எல்லாப் பேச்சும் அந்தப் பூனை வழியாகத்தான் போய் வருகிறது.

முதலில் எனக்கு ரோஷமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், நேராகப் பேசிக்கொண்டிருந்த காலத்தைவிட இப்போதுதான் நாங்கள் அதிகம் பேசுகிறோம். பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் சாயந்திர நேரம் எவ்வளவு நீளம் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "பவுனு, சட்டையில பால்கறை இருக்கு, கழட்டிப் போடச் சொல்லு" என்பாள். "பவுனு, இன்னைக்கு மழையில ஏழாம் நம்பர் மரத்துப் பாலெல்லாம் வீணாப் போச்சுன்னு சொல்லு" என்பேன். அது நடுவில் உட்கார்ந்து காதை இரண்டு பக்கமும் திருப்பிக்கொண்டிருக்கும். ஒரு நாளும் யார் பக்கமும் சாயவில்லை. அப்படிப்பட்ட ஜீவன் போன மாதம் தின்றதையெல்லாம் கக்க ஆரம்பித்தது.

முதலில் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் எட்வர்டிடம் கொண்டுபோனேன். நல்ல மனிதர், ஆனால் அவரிடம் இரண்டே மருந்து. இளகாதவனுக்கு விளக்கெண்ணெய், இளகினவனுக்குக் கட்டுகிற மருந்து. முதல் நாள் விளக்கெண்ணெய் கொடுத்தார். நடந்ததை எழுத மாட்டேன், சாமி படத்துக்குக் கீழேயே நடந்தது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மறுநாள் கட்டுகிற மருந்து கொடுத்தார், நான்கு நாள் ஒன்றுமே நடக்கவில்லை, வயிறு கல்லாகிவிட்டது. மூன்றாம் தடவை போனபோது, "மண்டோரே, நான் மனுசனுக்குப் படிச்சவன், அதுவும் கொஞ்சம்தான். சிரம்பானுக்குக் கொண்டு போயிருங்க, அங்க மாட்டு டாக்டர் இருக்காரு" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

போன செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, பூனையைக் கூடையில் வைத்து மூடி, நானும் தங்கள் தங்கையும் தோட்டத்து லாரியில் ஏறினோம். இங்கேதான் வந்தது வினை. இப்போது எங்கள் தோட்டத்தில் அரிசியை வீட்டில் வைக்கக்கூடாது, பொதுச் சமையல்தான், வெந்த சோறாகத்தான் கொடுப்பார்கள். அந்தச் சோற்றிலும் ஒரு பருக்கை கேட்டைத் தாண்டக்கூடாது. கேட்டில் காவல்காரர்கள் எங்களைத் தடவிப் பார்த்தார்கள், கூடையைத் திறந்து பார்த்தார்கள், பூனையின் வயிற்றை அமுக்கியும் பார்த்தார்கள். அமுக்கியிருக்க வேண்டாம். லாரி கேட்டைத் தாண்டி நாலு முழம் போயிருக்காது, பவுனு எட்டிப் பார்த்து, காலையில் மயிலு ஊட்டின சோறு முழுவதையும் ரோட்டில் கக்கிவிட்டது. சோறு, மச்சான்! வேலிக்கு வெளியே! வெள்ளை வெளேரென்று பருக்கை பருக்கையாக!

லாரி நின்றது. விசில் ஊதினார்கள். கார்ப்ரல் ஓடி வந்து குனிந்து பார்த்து, "தா போலே, தா போலே" என்றார், கூடாதாம். பூனைக்கு நோய் என்று மலாயில் சொன்னேன். நோய் என்பது தெரிகிறது, ஆனால் உணவு உணவுதானே, அது எந்த வழியாக வெளியே வந்தாலும் விதியில் விலக்கு எதுவும் இல்லையே என்றார். அவரும் பாவம் யோசித்துத்தான் பேசினார். கடைசியில் நான் இறங்கி, வாழை மட்டையால் அதை வழித்து, கேட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். லாரியில் இருந்த இருபது பேரும் பார்த்தார்கள். என் கீழே வேலை செய்கிற ஆட்கள், மச்சான். மங்கம்மா என்கிற புல்லு வெட்டுகிறவள், "மண்டோர் சட்டத்த மதிக்கிறவரு, அன்னைக்கே பார்த்தோமே" என்றாள். தங்கள் தங்கை பூனையிடம், "பவுனு, திரும்பாத, யாரையும் பார்க்காத" என்றாள். எனக்குச் சொன்னதா, பூனைக்குத்தான் சொன்னதா தெரியவில்லை. நான் திரும்பவில்லை.

சிரம்பானில் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், பொறுமைசாலி. வயிற்றைத் தடவினார், வாயைத் திறந்து பார்த்தார். பிறகு, "குடலிலை ஒரு கட்டி கிடக்குது. வெட்டிப் பார்க்கலாம், ஆனால் இந்த மெலிவுக்கு மேசையிலையே போனாலும் போகும். ஊசி போட்டு நோவில்லாமல் அனுப்பலாம். இல்லாட்டி வீட்டை கொண்டு போங்கோ, சூடா இருட்டா ஒரு மூலையிலை வைச்சு, எண்ணெயும் கரைச்ச பாலும் குடுத்துப் பாருங்கோ. எது எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார்.

நாங்கள்தான் சொல்ல வேண்டும்! தங்கள் தங்கை மேசை மேல் கிடந்த பூனையைப் பார்த்து, "பவுனு, வெட்டட்டுமான்னு கேக்குறாங்க, ஒருத்தரு வாயத் தொறக்காம நிக்கிறாரே" என்றாள். நானும் பூனையைப் பார்த்து, "பவுனு, அவங்க மனசுல இருக்கிறத மொதல்ல சொல்லச் சொல்லு, வெட்டுன்னு நான் சொல்லி இன்னொரு தடவ கெட்ட பேரு வாங்க முடியாது" என்றேன். அவள், "பவுனு, அப்ப கேட்டுக்கிட்டா வெட்டினாங்க?" என்றாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆரோடை கதைக்கிறியள்? சாகக் கிடக்கிற பூனையோ முடிவெடுக்கப் போகுது?" என்றார். இரண்டு வாரத்துக்குள் வந்து சொல்லும்படி சொல்லி ஒரு புட்டி எண்ணெயைக் கொடுத்து அனுப்பிவிட்டார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பூனைக்காக மட்டும் இல்லை மச்சான்.

அந்த எண்ணெயைப் புகட்டினது தனிக் கதை. சாக்கில் சுற்றி நான் தலையைப் பிடிக்க வேண்டும், அவள் ஊற்ற வேண்டும். "பவுனு, தலையை இந்தப் பக்கம் திருப்பச் சொல்லு" என்கிறாள், நான் எந்தப் பக்கம் என்று பூனையிடம் கேட்கிறேன், அதற்குள் பாதி எண்ணெய் என் சட்டைக்குள் போய்விடுகிறது. டின் பால் வாங்கலாம் என்றால் கடைக்காரன் விற்கும்போதே டின்னைக் குத்தி ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், அப்போதுதான் யாரும் பதுக்கிக் காட்டுக்கு அனுப்ப முடியாதாம். சாயந்திரத்துக்குள் எறும்பு மொய்த்துவிடுகிறது. எறும்பை வடிகட்டிக் கொடுத்தோம். புதன்கிழமை முழுக்க அது முனகிக்கொண்டே இருந்தது. என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. ஊசியே போட்டுவிடலாம் என்று அப்போது தோன்றியது. ஆனால் அதை யார் மூலம் அவளிடம் சொல்வேன்? அதனிடமேவா?

ஆனால் மச்சான், வியாழக்கிழமையிலிருந்து கொஞ்சம் தேவலை. எண்ணெய் வேலை செய்துவிட்டது போலிருக்கிறது. காலைப் பெரட்டில் ஆள் எண்ணி முடித்து, வேலை முடித்து வீட்டுக்கு வந்தால் சத்தமே இல்லை, முனகல் இல்லை, வாந்தி இல்லை. அடுப்பு மூலையில் கூடைக்குள் சாக்குப் போர்த்தி நிம்மதியாகத் தூங்குகிறது. கிண்ணத்தில் வைக்கிற சோறும் காலியாகிவிடுகிறது. நான் கிட்டே போனால், "பவுனு, தூக்கம் கெடும், எட்ட இருக்கச் சொல்லு" என்று அவள் தடுத்துவிடுகிறாள். டாக்டர் சொன்னதைச் சுத்தமாகக் கடைப்பிடிக்கிறாள், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். நேற்று அந்தக் கூடையிடம் வழக்கத்தைவிட நிறையப் பேசினாள். என் கால் வெடிப்புக்கு மருந்து போடச் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இதுதான். வெட்டுவதா, ஊசியா, இப்படியே வைத்துப் பார்ப்பதா என்று டாக்டருக்குச் சொல்ல வேண்டும். வருகிற 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்து ஒரு முடிவு செய்து தர வேண்டும். ஐ.சி. அடையாளக் கார்டை மறக்காமல் கொண்டு வரவும். பஞ்சாலை அக்காவிடம் சொல்லவும், முறுக்கு, பழம் எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம், திரும்பும்போது மீந்ததை கேட்டில் நின்று தின்று முடிக்க வேண்டியிருக்கும். இந்தக் கடிதம் எழுதியது மயிலுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். கோபம் இருந்தாலும் அவள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அது பிழைத்துவிட்டால் போதும்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. தங்களுக்கு நீண்ட ஆயுளும், கெட்டியான வயிறும் அமைய முருகன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
சன்னாசி

பின்குறிப்பு: அண்ணா, இது நான், மயிலு எழுதுறேன். உறைய ஒட்டாம அலமாரி மேல வெச்சுட்டு வேலைக்குப் போயிட்டாரு, எடுத்துப் படிச்சுட்டேன். பவுனு வியாழக்கிழமை காலையிலேயே போயிருச்சு அண்ணா. அவரு பெரட்டுக்குப் போன கொஞ்ச நேரத்துல, என் மடியிலதான். குளிக்கிற எடத்துக்குப் பின்னால நானே குழி தோண்டிப் பொதைச்சேன். சொல்லணும்னு அவரு புல்லு வெட்டுற எடத்துக்கே ஓடினேன். தூரத்துல நின்னு பார்த்தேன், ஆளுங்க நடுவுல கத்திக்கிட்டு நின்னாரு. என்னன்னு கூப்பிடுறது? நாலு வருசத்துல எப்படிக் கூப்பிடுறதுன்னே மறந்துபோச்சு. திரும்பி வந்துட்டேன். கூடையில பழைய சீலையச் சுருட்டி வெச்சு, மேல சாக்கப் போட்டேன். கிண்ணத்துச் சோத்த நான்தான் கோழிக்குப் போட்டேன். ஒரு நாளைக்குன்னு நெனச்சேன், மூணு நாளாச்சு. கூடைகிட்ட நான் எதைச் சொன்னாலும் அவரு உடனே செய்யிறாரு. நேத்து மருந்து போட்டுக்கிட்டு, "பவுனு, இப்ப எரிச்சல் இல்லன்னு சொல்லு"ன்னு கூடையப் பார்த்துச் சிரிச்சாரு. எனக்கு அழுகைய அடக்க முடியல, அடுப்புப் புகைன்னு கூடைகிட்ட சொன்னேன். வாங்க அண்ணா, முன்னாடியே வாங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் கூடைகிட்டப் பேசிக்கிட்டு இருக்கேன்.