பச்சை நூல் கட்டிய ஷூ

"இதுல குஷன் எங்க இருக்கு?" என்று கேட்டார் பூமிநாதன்.

கடைக்காரர் வெள்ளைக் கான்வாஸ் ஷூவை வாங்கி, அதன் அடிப்பாகத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். விரல்தான் மடங்கியது.

"குஷன் நம்ம கால்லயே இருக்கு சார். சதைன்னு ஒன்னு கடவுள் எதுக்கு வச்சாரு? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க எல்லாம் இதப் போட்டுக்கிட்டுத்தான் ஓடுதுங்க."

"நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லய்யா. தினம் ஓடறவன்."

"தினம் ஓடறதுன்னா பாரின் ஷூதான் வேணும். அது இங்க கிடைக்காது. கிடைச்சாலும்..." கடைக்காரர் பூமிநாதனின் சட்டைப் பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மிச்சத்தை மரியாதை கருதி விழுங்கிக்கொண்டார்.

பூமிநாதன் கான்வாஸையே வாங்கினார். விலை கையைக் கடிக்கவில்லை. அது காலைக் கடிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.

காரைக்காலில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் அவர் தலைமை எழுத்தர். வாழ்நாளில் பஸ்ஸுக்காகக் கூட ஓடியவர் இல்லை. பஸ் நின்றால் ஏறுவார், போய்விட்டால் அது தன்னைக் கவனிக்கவில்லை என்று டைம் கீப்பரிடம் புகார் சொல்வார். அப்படிப்பட்டவரை ஓட வைத்தது ஒரு டம்ளர் காப்பி.

முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் அல்லியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பையனுக்கு பாரீஸில் ரயில்வேயில் வேலை; லீவில் வந்திருந்தான். பையனின் அப்பா தங்கப்பன் சைகோனில் பட்டாளத்தில் இருந்து, இப்போது பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர். முதுகுக்குப் பின்னால் சிப்பாய் என்ற பொருளில் 'சொல்தா' என்றும் முகத்துக்கு நேரே மரியாதையாக 'முசே' என்றும் ஊர் அவரை அழைத்தது.

பூமிநாதன் வீட்டுக் கூடத்தில் டேப் ரிக்கார்டர் ஒன்று நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெரு ஆஸியா பீவி வீட்டிலிருந்து வந்த டேப் ரிக்கார்டர் அது. பீவியின் மகன் நூகு துபாயில் இருந்தான். அவன் கொண்டுவந்த டேப் ரிக்கார்டர், பிளாஸ்க், சென்ட் பாட்டில், கறுப்புக் கண்ணாடி எல்லாம் சுற்று வட்டாரத்தில் எங்கே பெண் பார்த்தாலும் ஒரு நெருங்கிய உறவினர் போல முன்னதாகப் போய் உட்கார்ந்துவிடும். காணாமல் போகக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் நாகூர் தர்காவில் ஓதி வாங்கிய பச்சை நூலைக் கட்டி வைத்திருப்பார் பீவி. அந்த நூலைத் தெரியாதவர்கள் ஊரில் இல்லை. அதனால் பூமிநாதன் நூல் கட்டிய பக்கத்தைச் சுவர் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்.

காப்பி வந்தது. தங்கப்பன் மீசையை நீவிக்கொண்டு, "காலையில ஓடிட்டு வந்தாத்தான் எனக்குக் காப்பியே இறங்கும். பட்டாளத்துப் பழக்கம். ஓடாதவன மனுஷன்னே நான் சேத்துக்கறதில்ல" என்றார்.

"எனக்கும் அப்படித்தான் முசே. கடற்கரை வரைக்கும் ஓடிட்டு வந்தாத்தான் உடம்பு சொன்னபடி கேக்குது" என்றது பூமிநாதனின் வாய்.

அடுக்களை வாசலில் நின்ற அவர் மனைவி லோகாம்பாள் புருஷனைப் பார்த்த பார்வையில், தட்டிலிருந்த கேசரி இறுகியது.

தங்கப்பனின் முகமும் ஒரு கணம் இருண்டது. அவருடைய மனைவி குஞ்சம்மா மட்டும் உற்சாகமானாள். "அப்ப என்ன! நாளையிலேர்ந்து சம்பந்திங்க ரெண்டு பேரும் சேர்ந்தே ஓடுங்களேன்!" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பூமிநாதன் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு எனக்கு ஒரு சோலி இருக்கு. புதன்கிழமை வச்சுக்குவோம்" என்றார் தங்கப்பன்.

"புதன்தான் எனக்கும் தோது" என்றார் பூமிநாதன், உயிர் திரும்பி வந்தவராக.

அவர்கள் போன பிறகு லோகாம்பாள் கேட்டாள். "ஏங்க, கொல்லைக்குப் போறதுக்கே ஒருத்தர் கூப்பிட்டாத்தான் எந்திரிக்கிறீங்க. கடற்கரைக்கு எப்பங்க ஓடுனீங்க?"

"பிரெஞ்சுப் பட்டாளத்துக் குடும்பம்டி. ஒழுக்கம் பாப்பாங்க. அல்லிக்காகத்தான் சொன்னேன்."

அல்லி காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். அன்று பையன் அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்க குளிரும். பரவாயில்லையா?" பெண் பார்க்க வந்தவர்களில் அவளிடம் கேள்வி என்று ஒன்றைக் கேட்டவன் அவன் ஒருவன்தான். அவள் முகத்தைப் பார்த்தபோது, ஓடித்தான் ஆகவேண்டும் என்று பூமிநாதனுக்குப் புரிந்தது.

புதன்கிழமை விடியும்போது கடற்கரைச் சாலையில் தங்கப்பன் காத்திருந்தார். அரை டிராயர், முழங்கால் வரை தடித்த ஸ்டாக்கிங். அதன் மடிப்பு ஷூவின் வாயைப் பாதி மூடியிருந்தது. கீழே நீலக்கோடு போட்ட வெள்ளை ஷூ, அடியில் ரொட்டித் துண்டு கனத்துக்கு மெத்தை.

"பையன் பாரீஸ்லேர்ந்து அனுப்பினது. உள்ளே பூரா குஷன். மேகத்து மேல நடக்கிற மாதிரி இருக்கும்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு பூமிநாதனின் காலைப் பார்த்தார். "என்னங்க இது, டிரில் மாஸ்டர் மாதிரி? இதுலயா தினம் ஓடறீங்க?"

"நல்ல சோடி... துவைச்சுப் போட்டிருக்கு" என்றார் பூமிநாதன்.

அரசலாற்றை ஒட்டி ஓடினார்கள். முசே மெதுவாகத்தான் ஓடினார். இன்னும் மெதுவாகப் போனால் அதற்கு நிற்பது என்று பெயர். நடுநடுவே முகத்தைக் கோணிக்கொண்டார். தன் ஓட்டத்தின் லட்சணத்தைப் பார்த்துத்தான் அவர் முகம் கோணுகிறது என்று பூமிநாதன் குன்றிப் போனார். வீடு வந்து சேர்ந்தபோது இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

ஷூவுக்கு குஷன் வைத்தே தீரவேண்டும். பூமிநாதனின் வட்டாரத்தில் குஷன் என்ற பொருள் ஒரே இடத்தில்தான் இருந்தது. அலுவலகத்தில் தலைமை எழுத்தருக்கு மட்டும் நாற்காலியில் ஸ்பாஞ்சு மெத்தை உண்டு. மற்றவர்களுக்குப் பலகை. அந்த மெத்தைக்காக அவர் எத்தனையோ வருஷம் பலகையில் உட்கார்ந்து காத்திருந்தவர். அன்று மாலை எல்லோரும் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு அதன் வயிற்றைக் கிழித்தார்.

கடைத்தெரு முனையில் செருப்புத் தைக்கிற செல்லையன் ஸ்பாஞ்சை ஷூவுக்குள் வைத்து ஒட்டிக் கொடுத்தான். பதவி முழுவதும் இப்போது பாதத்தில் இருந்தது. உட்கார்ந்தால் பலகை உறுத்தியது.

"என்ன சார், மெத்தை சப்பையாயிடுச்சு?" என்று கேட்டார் பக்கத்து மேஜை தியாகராசன்.

"எலி."

"எலி இவ்வளவு நேர்கோட்டுலயா கடிக்கும்?"

பூமிநாதன் ஒரு பைலை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

அடுத்த ஓட்டம் சுகமாகத்தான் தொடங்கியது, மணல் வரும்வரை. ஓர் அலை எதிர்பாராமல் ஏறி வந்து காலை நனைத்துவிட்டுப் போனது. அரசாங்க ஸ்பாஞ்சு வங்கக் கடலைத் தன்னால் முடிந்தவரை குடித்தது. அதன் பிறகு பூமிநாதன் எடுத்துவைத்த ஒவ்வொரு அடிக்கும் 'புசுக்' என்று சத்தம் வந்தது, இரண்டு பக்கமும் தண்ணீர் பீச்சியது. தங்கப்பன் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"என்னங்க சத்தம்?"

"நண்டு இருக்கும் முசே."

"கூடவே வருதே?"

வெட்கத்தில் அன்று வீடு வரை குதிகாலை ஊன்றாமல் நடந்து வந்தார் பூமிநாதன். பின்கட்டில் காயப்போட்ட ஷூவிலிருந்து சாயங்காலத்துக்குள் ஒரு வாடை கிளம்பியது. "கருவாடு எங்க வாங்குனீங்க?" என்று பக்கத்து வீட்டிலிருந்து கேட்டுவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் ஆஸியா பீவி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வாங்க தம்பி. டேப் ரிக்கார்டர்தான் அன்னைக்கே வந்துருச்சே?"

"அதில்ல லாத்தா. தம்பி நூகு ஷூ ஏதாவது கொண்டாந்திருக்கா? குஷன் வச்சது."

"ரெண்டு சோடி கெடக்கு. சின்ன சோடி வெளிய போயிருக்கு. பெரிய சோடி திருநள்ளாத்துல ஒரு மாப்பிள்ளைப் பையன் கால்ல இருந்துச்சு. நேத்துதான் வீடு திரும்புச்சு. எடுத்துக்குங்க."

போட்டுப் பார்த்தார். கால் மட்டும் போய் உள்ளே தொலைந்தது.

"எனக்குச் சின்ன சோடிதான் சரியா இருக்கும் லாத்தா. அது யார்கிட்ட போயிருக்கு?"

ஆஸியா பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "சாமான் வீடு வந்து சேர்ற வரைக்கும் நான் அதப் பத்தி வாயத் தொறக்கறதில்ல தம்பி. தொறந்தா உங்க வீட்டு நாதஸ்வரமும்ல தெருவுக்கு வந்துடும்?"

பூமிநாதன் பெரிய சோடியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு நடந்தார். அல்லியின் பழைய ரோஸ் நிறத் தாவணியைக் கிழித்து முன்பக்கம் அடைத்தார். லேஸ் துளையில் கட்டியிருந்த பச்சை நூலை அறுக்க மனம் வரவில்லை. ஓதிக் கட்டியது. ஷூவின் நாக்கு மடிப்புக்குள் செருகி மறைத்தார்.

அடுத்த நாள் காலை தங்கப்பன் அதிசயித்தார். "அட! புது ஷூ!"

"மச்சான் சிங்கப்பூர்லேர்ந்து அனுப்பினான். நானும் சாதாரணமா இதெல்லாம் போடறதில்ல. பெட்டியிலயே கெடந்துச்சு." பூமிநாதன் காலை ஒருமுறை முன்னே நீட்டிக் காட்டிக்கொண்டார். "பாரீஸ் குஷனவிட சிங்கப்பூர் குஷன் கொஞ்சம் தாராளம்னு சொல்றாங்க."

"தாராளமாத்தான் தெரியுது" என்றார் முசே. குரலில் பொறாமையே இருந்தது. பூமிநாதன் அந்த ஒரு நிமிஷத்துக்காகவே பிறந்தவர் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓடினார்.

கடல் தெரிந்தது. மீன் கூடைகளோடு பட்டினச்சேரிப் பெண்கள் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். பார்ப்பதற்கு ஆள் இருக்கிறது என்றதும் பூமிநாதன் ஓட்டத்தை வேகமாக்கினார். வலதுகால் ஷூ அந்த வேகத்தை ஏற்கவில்லை. அது காலைவிட்டுக் கழன்று, காற்றில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, அலைக்குள் போய் விழுந்தது. கால்விரல்களில் சிக்கிய ரோஸ் தாவணி நீண்டு காற்றில் பறந்தது.

"யம்மாடி! சாருக்குக் கால்லேர்ந்து தாவணி வருதுடி!" என்று ஒருத்தி கூவினாள். கூடைகள் எல்லாம் குலுங்கின.

ஒற்றைக் காலில் நின்றிருந்த பூமிநாதனுக்கு, அந்த அலை தன்னையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கலாம் என்று பட்டது. தங்கப்பன்தான் நொண்டிக்கொண்டே தண்ணீரில் இறங்கி ஷூவை எடுத்தார். கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார். நாக்கு வெளியே தொங்கியது. நாக்கோடு பச்சை நூலும்.

முசே நூலைப் பார்த்தார். பூமிநாதனைப் பார்த்தார். மறுபடி நூலைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த ரத்தம் முழுவதும் எங்கோ இறங்கிப் போனது.

"முசே, அது வந்து... சிங்கப்பூர்ல..."

"ஒன்னும் சொல்லாதீங்க" என்றார் தங்கப்பன். ஷூவை நீட்டியபோது அவர் கண்கள் தரையில் இருந்தன. "எனக்கு... வீட்டுல ஒரு வேலை இருக்கு. கல்யாணப் பேச்சு... அத அப்புறம் பாப்போம்." திரும்பிப் பார்க்காமல் விந்தி விந்திப் போய்விட்டார்.

இரவல் ஷூக்காரன் முகத்தில் விழிக்கக்கூட அவருக்கு மனமில்லை. பூமிநாதனுக்கு அப்படித்தான் புரிந்தது.

வீட்டில் லோகாம்பாள் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "நடக்கத் தெரியாதுன்னு சொல்லியிருந்தாக்கூடப் பொண்ணு எடுத்திருப்பாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அல்லி கிழிந்த தாவணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "பரவாயில்லப்பா. அங்க ரொம்பக் குளிருமாம்" என்றாள். திட்டியிருந்தால் பூமிநாதன் தாங்கியிருப்பார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈர ஷூவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தெரு முழுவதும் தன் காலையே பார்ப்பது போல இருந்தது.

ஆஸியா பீவி வீட்டு நடையில் போய் உட்கார்ந்தவருக்குத் தலையைத் தூக்க முடியவில்லை.

"உப்புத் தண்ணி பட்டுடுச்சு லாத்தா. மன்னிச்சுக்குங்க. சம்பந்தமும் போச்சு. சொல்தா நூலப் பாத்துட்டாரு. இரவல் வாங்கி டம்பம் அடிச்ச பயன்னு, முகத்தக்கூடப் பாக்காமப் போயிட்டாரு. இனிமே இந்த ஊர்ல நான் எந்த முகத்த வச்சுக்கிட்டு நடப்பேன்?"

ஆஸியா பீவி ஷூவை வாங்கி, தண்ணீரை உதறி, நூல் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளே கொண்டுபோய் முற்றத்து வெயிலில் வைத்தார். திரும்பி வந்தபோது அவர் கையில் நீலக்கோடு போட்ட ஒரு சோடி இருந்தது.

"நல்ல கூத்துதான் போங்க! இப்பத்தான் சொல்தா தம்பியும் இதே எடத்துல உக்காந்து, சம்பந்தம் போச்சே, பொண்ணு வீட்டுக்காரரும் இங்கதான் வாங்கியிருக்காரு, என் வண்டவாளத்தக் கண்டுபிடிச்சிருப்பாரேன்னு உங்கள மாதிரியே மூக்கச் சிந்திட்டுப் போறாரு; இந்தச் சின்ன சோடி கடிச்சு அவருக்குக் கட்டைவிரல் நகமே பேந்துபோச்சு, உங்களுக்குப் பெரிய சோடி கழண்டு கடல்ல விழுந்துச்சு... ஏன் தம்பி, ரெண்டு பேரும் கடற்கரையிலயே மாத்திப் போட்டுக்கிட்டிருக்கக் கூடாதா?"