பல் செட்டுக்கு ஒரு உரிமை மனு

எல்லா நடைமுறையும் தெரிந்தவனிடம் ஒரு வேலையைக் கொடுத்தால், நடைமுறை மிக அழகாக நடக்கும்; வேலை மட்டும் நடக்காது. பெரம்பலூரில் கோர்ட் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. முறைப்படி வராத மனுக்களைத் திருப்பி அனுப்பியே தேய்ந்த கை இது. (வக்கீல்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.)

சில வருடங்களுக்கு முன், வரதராஜன்பேட்டையில் இருக்கும் என் தங்கை ஃபிலோமினாவின் கணவர் ஆரோக்கியசாமி, முந்திரித் தோப்பு வேலித் தகராறில் பக்கத்துத் தோப்புக்காரரைப் பிடித்துத் தள்ளிவிட்டு, ரிமாண்டில் கிளைச் சிறைக்குப் போனார். அவருக்கு மேலும் கீழும் பல் செட்டு. சாப்பிடும்போது மட்டும் மாட்டுவார். மற்ற நேரம் அது கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் கிடக்கும். சிறை வாசலில் வாட்ச், பெல்ட்டோடு பல்லையும் வாங்கி உள்ளே வைத்துவிட்டார்கள்.

"அண்ணே, வெறுங்கஞ்சியக் குடிச்சிட்டுக் கெடக்குறாரு. கன்னம் ஒட்டிப்போச்சு. போயி கேட்டுப் பாக்கட்டா?" என்றாள் தங்கை.

"சும்மா இரு. இது அரசியல் சாசனப் பிரச்சினை" என்றேன்.

எழுத உட்கார்ந்தேன். உயிர் வாழும் உரிமையில் மெல்லும் உரிமையும் அடக்கம் என்றேன். சிறைவாசி இழப்பது நடமாட்டத்தை மட்டுமே, கடைவாயை அல்ல என்றேன். (இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்க் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேன்.) ஓர் இளம் வக்கீலிடம் கையெழுத்து மட்டும் வாங்கித் தாக்கல் செய்தேன்.

மறுநாள் தங்கை எனக்குத் தெரியாமல் சிறைக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். கண்காணிப்பாளர் தலையில் கைவைத்துக்கொண்டாராம்.

"ஏம்மா, நேத்தே வந்து கேட்டிருந்தா கையோட குடுத்து உட்ருப்பேனே! இப்ப கேஸ் போட்டுட்டீங்க. கோர்ட்டு சொல்லாம அதத் தொட முடியாதும்மா."

ஆக, சும்மா கிடந்த பல்லுக்கு முறைப்படி பூட்டுப் போட்டவன் நான்தான். விசாரணை நாள் வரை ஆரோக்கியசாமிக்குக் கஞ்சி.

நீதிபதி மனுவைப் பொறுமையாகப் புரட்டினார். "மனு போடுறதுக்கு முன்னாடி சிறையில கேட்டு மறுத்தாங்களா?"

வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். உரிய அதிகாரியிடம் முதலில் கேட்காமல் வந்த மனுக்களை, நான்தானே கட்டுக் கட்டாகத் திருப்பியிருக்கிறேன்!

"மொதல்ல அங்க கேளுங்க. மனு தள்ளுபடி."

முன்பு என்னிடம் திட்டு வாங்கிய பெஞ்ச் கிளார்க் அதை எழுதிக்கொண்டார். மெதுவாக, ரசித்து.

வெளியே வந்ததும் மேல்முறையீட்டுக்கு என்ன வழி என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"அண்ணே, கையெடுத்துக் கும்புடுறேன். பஸ் ஏறி வூட்டுக்குப் போயிடுங்க" என்றாள் தங்கை.

அன்று சாயங்காலமே அவள் போய்க் கேட்டாள், கொடுத்துவிட்டார்கள். இரவு சிறையில் சுண்டலாம். பக்கத்தில் இருந்தவர் பங்கையும் ஆரோக்கியசாமி வாங்கி மென்றாராம்.

போன கிறிஸ்துமஸ் விருந்தில் எனக்கு இன்னும் ரெண்டு துண்டு கறி வேண்டியிருந்தது. எதிர் இலையில் இருந்த ஆரோக்கியசாமியிடம் ஜாடை காட்டினேன். அவர் பல்லைச் சரியாக மாட்டிக்கொண்டு, பந்திக்கே கேட்கும்படி சொன்னார்: "மச்சான், உரிய அதிகாரிகிட்ட மொதல்ல கேட்டீங்களா?"

கரண்டியோடு நின்ற தங்கையிடம் கேட்டேன். உடனே போட்டாள்.