தப்புக்கு அனுமதி

நெருப்பைக் கண்டுபிடித்தவன் யாரென்று தெரியவில்லை. சக்கரத்தைக் கண்டுபிடித்தவனும் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. ஆனால் 'ரசனை'யைக் கண்டுபிடித்தது ஹட்டன் நகர நாதாமிர்த சபாதான் என்பதற்கு நானே சாட்சி. இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. சபாவின் பொதுச்செயலாளர் என்ற பொறுப்போடு, என் பாத்திரக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடி, நிதானமாகச் சொல்கிறேன்.

எங்களுக்கு முன்னால் உலகம் எப்படி ரசித்துக்கொண்டிருந்தது? நன்றாக வாசித்தால் கைதட்டியது. இதில் என்ன பெருமை இருக்கிறது? பஸ் ஸ்டாண்டில் கடலை வறுக்கிறவர்கூட நன்றாக வாசிப்பதை ரசித்துவிடுவார். பிறகு அவருக்கும் முன்வரிசைக்கும் என்ன வித்தியாசம்?

இந்தக் கேள்விக்கு விடை தேடி எங்கள் தலைவர் தரணிதரன் டிசம்பர் மாதம் சென்னைக்கே போனார். தன் ஜவுளிக்கடைக்குச் சேலை எடுக்கத்தான் போனார் என்று சிலர் சொல்வதும் உண்மைதான். சேலை மூட்டைகளுக்கு நடுவே ஒரு சித்தாந்தத்தையும் மடித்து எடுத்து வந்தார். அங்கே ஒரு சபையில் தள்ளாத வயது வித்வான் ஒருவர் சுருதி சேராமல் வாசித்தாராம். பக்கத்து இருக்கைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விரல் தளர்ந்தாத்தான் சார் ஆன்மா நிமிரும்" என்றாராம். தலைவர் இதைச் செயற்குழுவில் சொன்னபோது எங்களுக்கெல்லாம் உடம்பு சிலிர்த்தது. ஜனவரிக் குளிரும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"நம்ம ஊர்ல தளர்ந்த விரல் யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார் தலைவர்.

எல்லாரும் ஒரே குரலில் சொன்னோம்: "சுந்தரலிங்கம் மாஸ்டர்!"

டிக்கோயாவில் இருக்கிறார் மாஸ்டர். பாடசாலையில் சங்கீதம் கற்பித்து ஓய்வு பெற்றவர், வயலின்காரர். அவர் விரல்கள் ஓடிய காலத்தில் எங்கள் சபா அவரை ஒருமுறையும் மேடைக்கு அழைத்ததில்லை. அப்போது அவர் வெறும் 'உள்ளூர்க்காரர்'. கொழும்பிலிருந்து ஆள் வருவதற்குப் பஸ் தாமதமானால்கூட நாங்கள் காத்திருந்தோமே தவிர, டிக்கோயாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. இப்போது அவருக்கு வயது எண்பதை எட்டுகிறது. இடதுகைச் சுண்டுவிரல் விறைத்துவிட்டது. வில் பிடிக்கும் கை நடுங்குகிறது. சபா எதிர்பார்க்கும் தகுதிகள் அத்தனையும் ஒருவரிடமே வந்து சேர்ந்திருந்தன.

ஆனால் ரசிக்கத் தெரிய வேண்டாமா? அதற்காக லோஜினி அவர்களை அழைத்தோம். கொழும்பில் 'விழிப்புநிலைக் கேட்டல்' என்ற பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர். தலைவருடைய ஜவுளிக்கடை மாடியில் 'ரசனைப் பட்டறை' நடந்தது. சிறு சறுக்கல் என்றால் கண்ணை மூட வேண்டும். நடுத்தரச் சறுக்கலுக்குத் தலையை அசைத்து "த்சொ" போட வேண்டும். முழுச் சறுக்கலுக்கு "ஆஹா!" என்று கூவிக் கைதட்ட வேண்டும்.

"சரியா வாசிச்சா என்னங்க செய்யணும்?" என்று நான் கேட்டேன். செயலாளர் எல்லாவற்றையும் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும்.

"ஒண்ணும் செய்ய வேணாம். அது வெறும் டெக்னிக்" என்றார் லோஜினி.

மாதாந்தக் கச்சேரிகள் ஆரம்பமாயின. மாஸ்டர் சறுக்கினார், நாங்கள் கைதட்டினோம். மிருதங்கத்துக்கு வந்த இளைஞர் முன்னால் ஓட, பின்னால் ஓடிய மாஸ்டர் மேலும் சறுக்கினார், மேலும் கைதட்டினோம். ஒருநாள் தந்தியே அறுந்தது. எழுந்து நின்றுவிட்டோம்.

அன்று கச்சேரி முடிந்து தேநீர் குடிக்கும்போது மாஸ்டர் என்னை ஓரமாக அழைத்தார்.

"தம்பி, இன்னைக்கு எப்புடி வாசிச்சேன்?"

"தெய்வீகம் மாஸ்டர்."

"அது கெடக்கட்டும். சுதி நின்னுச்சா?"

"ஆன்மா நிமிர்ந்துச்சு மாஸ்டர்."

"ஆன்மாவ வுடுங்க தம்பி. ரெண்டாவது தடவ மேல போறப்ப வெரல் எட்டல. அந்த எடத்துலதான் எல்லாரும் கைதட்டுனீங்க. அதுக்கு முன்னால ஒரு எடம் நல்லா விழுந்துச்சு. அப்ப நீங்க கேக்குத் தட்டைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

மாஸ்டரின் மனைவி சிவகாமசுந்தரி அம்மா வயலின் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கல்யாணம் கட்டுன நாள்லருந்து நான் ஒருத்திதான் 'தப்பு தப்பு'ன்னு அடுப்படியிலருந்து கத்திக்கிட்டிருந்தேன். இப்ப ஊரே கைதட்டிக் காட்டுது. எனக்கு லீவு வுட்டாச்சு தம்பி."

மாஸ்டர் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு தடவ, முழுசா ஒண்ணு வாசிச்சுப்புட்டு இந்தப் பெட்டிய மூடிரலாம்னு பாக்குறேன். சகானா ராகம். மெதுவா. எட்டாத எடத்துக்குப் போகாம, எட்டுற எடத்துல நின்னு. ஆனா எங்க நிக்க வுடுறீங்க? மூச்சு வாங்குறதுக்குள்ள கையத் தட்டிர்றீங்க. மிருதங்கக்காரத் தம்பி ஒரு பக்கம் நாய் வெரட்டுற மாதிரி வெரட்டுது."

அவருடைய அடக்கத்தை வியந்தபடி நான் இரண்டாவது கேக்குத் துண்டை எடுத்துக்கொண்டேன்.

சபாவின் ஆண்டு விழா நெருங்கியது. 'நடுங்கும் கரம், நிமிரும் ஆன்மா' என்று விழாவுக்குப் பெயர் சூட்டி, நகரத்தில் ஒரு மண்டபமும் பிடித்தாயிற்று. மாஸ்டரைச் செயற்குழுவுக்கு அழைத்துச் சம்மதம் கேட்டோம்.

"வாசிக்கிறேங்க. ஒரே ஒரு நிபந்தனை" என்றார் மாஸ்டர். "தப்பு இல்லாம நான் வாசிக்க மாட்டேன்."

தலைவரின் கண்கள் கலங்கின. லோஜினி நெஞ்சில் கைவைத்தார். எந்த வித்வான் இப்படித் தன் வாயால் சொல்லுவான்?

"மாஸ்டர், தப்பு தாராளமா இருக்கட்டும்" என்றார் தலைவர், தழுதழுத்து.

"ஆரம்பத்துலருந்து கடைசி வரைக்கும் வேணும்ங்க."

"அதுதாங்க எங்களுக்கும் வேணும்!"

"மேடையிலயே, எம் பக்கத்துலயே இருக்கணும்."

"உங்களை வுட்டு அது எங்க மாஸ்டர் போகப்போகுது?"

"பின்னால வந்து வேணாம்னு சொல்லிறக் கூடாது."

"தீர்மானமாவே போட்டுருவோம்" என்றார் தலைவர். உடனே எழுதினேன்: 'எதிர்வரும் ஆண்டு விழா மேடையில் தப்புக்கு உரிய இடமளிக்க இச்சபா ஏகமனதாகத் தீர்மானிக்கிறது.' பலத்த கரகோஷம்.

மாஸ்டர் எழுந்து எல்லாரையும் கும்பிட்டார். "நான் நெனச்சதவிடப் பெரிய மனசு உங்களுக்கு" என்றார். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

விழா நாளன்று மாலை ஹட்டனில் வழக்கமான மழைத் தூறலும் மூட்டமும். மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் தலைவர், லோஜினி, பொன்னாடை போர்த்தப்பட்ட பிரமுகர்கள். மேடையில் மாஸ்டர் தந்தியை மீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வாசலிலிருந்து புகை வந்தது.

தலைவர் ஓடினார். நானும் ஓடினேன். வாசற்படியில் ஒருவர் குந்தியிருந்து, பழைய பேப்பரையும் சுள்ளியையும் கொளுத்தி, வட்டமான ஒன்றை அதில் காட்டிக் காட்டித் திருப்பிக்கொண்டிருந்தார். டிக்கோயாத் தோட்டத்து வீரய்யா. பக்கத்தில், அந்த வட்டத்தை மழையில் நனையாமல் சுற்றிக்கொண்டு வந்த உர பேக்.

"என்னய்யா இது? மண்டபத்துல நெருப்பு வைக்கிற?"

"தப்பு காயுதுங்க மொதலாளி. ஈரத்துல தோலு தொங்கிப்போச்சு. ரெண்டு நிமிசத்துல ஏறிரும்."

"எந்தத் தப்பு?"

"நீங்க தீர்மானம் போட்ட தப்புதாங்க."

வாசகர்கள் மன்னிக்க வேண்டும். தப்பு என்றால் எங்கள் மலையகத்தில் ஒரு தோல் வாத்தியமும் உண்டு. காமன் கூத்துக்கு அடிப்பார்கள். திருவிழாவுக்கும் சாவுக்கும் அடிப்பார்கள். முன்பெல்லாம் விடியற்காலையில் தோட்டத்து ஆட்களைப் பெரட்டுக் களத்தில் கூட்டி வேலை பிரிக்க அதைத்தான் அடித்தார்கள். இது எங்களுக்குத் தெரியாததல்ல. என் தாத்தாவே அந்தச் சத்தத்துக்கு எழுந்து ஓடியவர்தான். ஆனால் 'சபா' என்று பெயர்ப்பலகை மாட்டிய பிறகு சில சொற்களுக்கு அகராதியின் மற்ற அர்த்தம் மட்டுமே நினைவில் நிற்கும்.

"இது சாஸ்திரிய மேடை" என்றார் தலைவர்.

"தெரியுங்க. செருப்பைக் கழட்டிட்டுத்தான் ஏறுவேன்."

"இது சாவு வீட்டுக்கு அடிக்கிறதுய்யா!"

"ஆமாங்க. உங்க பெரியப்பா சாவுக்கு நான்தான் வந்து அடிச்சேன். நீங்க ஒரு கொறையும் சொல்லலியே. அவரும் சொல்லல."

லோஜினி இடையில் புகுந்து, அந்த வாத்தியத்தின் 'அதிர்வலை' விழிப்புநிலைக்கு ஒத்துவராது என்று விளக்கினார். வீரய்யா மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, தப்பைத் திருப்பி மறுபக்கம் காட்டினார்.

செயற்குழு அங்கேயே, நின்ற நிலையில், அவசரமாகக் கூடியது. நான் திருத்தம் ஒன்றை முன்மொழிந்தேன்: 'மேற்படி தீர்மானத்தில் தப்பு என்பது பிழையைக் குறிக்குமேயன்றி வாத்தியத்தைக் குறிக்காது.' நிறைவேறியது. மேடைக்குப் போய் மாஸ்டரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

அவர் மீட்டிக்கொண்டிருந்த தந்தியிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப நான் தப்பா வாசிக்கலாம். தப்போட வாசிக்கக் கூடாது. அப்புடித்தானே தம்பி?"

"சரியாப் புரிஞ்சுக்கிட்டீங்க மாஸ்டர்" என்றேன், நிம்மதியாக.

மாஸ்டர் வயலினை எடுத்துக்கொண்டு எழுந்தார். சிவகாமசுந்தரி அம்மா பாயைச் சுருட்டினார்.

"மாஸ்டர், கச்சேரி?"

"கை வெறச்சுப்போச்சு தம்பி. கொஞ்சம் நெருப்புல காட்டிட்டு வர்றேன்."

வாசலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. நெருப்புக்குப் பக்கத்தில் பாய் விரிந்தது. விரல்களைச் சூடு காட்டினார். பெட்டியை மூடுவார் என்று எதிர்பார்த்தேன். வில்லை எடுத்தார்.

நிலவரத்தைக் கண்காணிக்க வேண்டியது செயலாளரின் கடமை என்பதால் நான் வாசற்கதவோரம் நின்றேன். வீரய்யா ஓர் அடி அடித்தார். பிறகு சும்மா இருந்தார். மாஸ்டர் வரட்டும் என்று காத்திருந்தார். மாஸ்டர் அவசரமில்லாமல், ஆறுதலாக வந்து சேர்ந்த பிறகு இன்னோர் அடி. சகானா. கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் யாரும் விரட்டாததால் அந்த நடுக்கம் எங்கும் தெறிக்காமல் ராகத்தின் அசைவுக்குள்ளேயே அடங்கிவிட்டது. சுண்டுவிரல் எட்டாத இடம் வந்தது. அவர் அங்கே போகவில்லை. சொந்தக்காரர் வீட்டு வாசல் வரைக்கும் வந்து, உள்ளே விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் மாதிரித் திரும்பினார். அவர் விட்ட இடத்தில் தப்பு மெல்ல ஒருமுறை விழுந்தது.

இங்கே ஓர் ஒழுங்கீனத்தைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. பட்டறை விதிப்படி நான் ரசித்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். கண் எரிந்தது, புகையாக இருக்கலாம். உள்ளேயிருந்து பின்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து தூறலில் நின்றார்கள். எதிரே பஸ் ஸ்டாண்டில் கடலைக்காரர் சட்டியைத் தட்டுவதை நிறுத்தியிருந்தார்.

வாசித்து முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை.

மாஸ்டர் நிமிர்ந்து என்னைத் தேடினார். "தம்பி, எங்கயாவது கைதட்டுனீங்களா?"

"இல்ல மாஸ்டர்."

"ஒரு எடத்துலகூட?"

"இல்லீங்க."

"அப்பச் சரியாத்தான் வாசிச்சிருக்கேன்" என்றார். வில்லைத் தளர்த்தி, வயலினைத் துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்தார்.

"இன்னைக்குத் தப்பே இல்லீங்க" என்றார் சிவகாமசுந்தரி அம்மா, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"ஏம்மா, அப்ப நான் இம்புட்டு நேரம் அடிச்சது என்னாங்குறீங்க?" என்றார் வீரய்யா.

மாஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். பெட்டி மூடிய சத்தம் அந்தச் சிரிப்பில் கேட்கவில்லை.

நான் கடமையுணர்வோடு உள்ளே திரும்பினேன். முன்வரிசை கலையவில்லை. ஒருவரும் வாசலைத் திரும்பியும் பார்க்கவில்லை. மேடையில், மாஸ்டரைக் கௌரவிக்கப் போட்டிருந்த ஒரு வெற்று நாற்காலி. மைக் மட்டும் 'ஙொய்' என்று இரைந்துகொண்டிருந்தது. கலைஞரே மேடையில் இல்லாமல் போவது சறுக்கல்களிலெல்லாம் தலையாய சறுக்கல் என்று லோஜினி காதோடு காதாகச் சொல்ல, தலைவர் கண்ணை மூடி, தலையை அசைத்து, "ஆஹா!" என்றார். வரிசையே எழுந்து நின்று கைதட்டியது. நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது ஏற்புரை நிகழ்த்தாததைப் பிரமுகர் ஒருவர் வெகுவாகப் பாராட்டினார்.

நிகழ்ச்சி அறிக்கையில் 'மேடையில் தப்பு எதுவும் இடம்பெறவில்லை' என்று எழுதச் சொன்னார் தலைவர். அப்படியே எழுதினேன். பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. மேடையில் ஒரு தப்பும் இல்லைதான். ஒன்று வாசலில், நெருப்போரம் இருந்தது. மற்றவையெல்லாம் முன்வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தன.